டென்னிசு மட்டையின் செயல்திறன்

டென்னிசு மட்டை என்பது டென்னிசு (வரிப்பந்தாட்டம்) விளையாட்டில் பந்தை அடிப்பதற்குப் பயன்படும் கருவி ஆகும். நீண்ட கைப்பிடி, நீள்வட்ட வடிவச் சட்டம், அச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டப்பட்ட நரம்புகள் ஆகியவை இதன் முதன்மையான பகுதிகள். நரம்பு கட்டுவது தமிழகத்தின் ஆடுகளங்களில் பேச்சு வழக்கில் "கட் போடுதல்" என்று அழைக்கப்படுகிறது. 1970கள் வரை மட்டைகள் பெரும்பாலும் மரத்தாலானவை. இன்று விற்பனையாகும் நல்ல மட்டைகள் ஏறத்தாழ அனைத்தும் கரிம இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆனவை. வழக்கில் இவை கிராஃபைட்டு மட்டைகள் எனப்படுகின்றன.

தற்கால மட்டையே பந்துக்கு வேகம் தருகிறது என்பது பரவலான கருத்து. விளம்பரங்களும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றன. இயற்பியல் நோக்கில் இது ஓரளவே உண்மையாகும். பந்தின் வேகத்தில் பெரும்பங்கு ஆட்டக்காரரின் வீச்சிலிருந்தே வருகிறது. தற்கால மட்டையின் உண்மையான பயன், மையம் தவறிப் படும் அடிகளைத் தாங்குவதும், முழு வேகத்தில் வீசினாலும் பந்து எல்லைக்கோட்டுக்குள் விழும்படி சுழற்சி கொடுக்க இடமளிப்பதும் ஆகும். இடைநிலை ஆட்டக்காரருக்கும் முதுநிலை ஆட்டக்காரருக்கும் ஒரே மட்டை வேறுவேறாகப் பயன்படுவதற்கான காரணமும் இதுவே.

மரத்திலிருந்து கரிம இழைக்கு

மர மட்டைகள் ஆஷ் போன்ற மரங்களின் மெல்லிய பட்டைகளை நீராவியில் வளைத்து ஒட்டிச் செய்யப்பட்டன. நரம்புடன் இவற்றின் எடை 370 முதல் 400 கிராம் வரை இருக்கும். நரம்புப் பரப்பு 65 முதல் 70 சதுர அங்குலம் (ஏறத்தாழ 420 முதல் 450 ச.செ.மீ.) மட்டுமே. மரத்தால் இதைவிடப் பெரிய தலையைச் செய்தால் நரம்பின் இழுவிசையைத் தாங்காமல் சட்டம் கோணிவிடும். ஆடாத வேளையிலும் மட்டையைத் திருகுகள் பொருத்திய மரச்சட்டத்துள் இறுக்கி வைப்பது அக்கால வழக்கமாக இருந்தது. மழைக்காலத்து ஈரத்தில் மட்டை வளைந்துவிடாமல் காப்பதே அதன் நோக்கம். இந்தியாவில் விளையாட்டுப் பொருள் தொழில் சலந்தர், மீரட் ஆகிய நகரங்களில் வேரூன்றியது. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்களே சலந்தரில் இத்தொழிலை வளர்த்தனர்.

தமிழ்நாட்டு டென்னிசின் முதற் பெருங்காலம் மர மட்டையின் காலமே. இராமநாதன் கிருட்டிணன் 1954 இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டி, முறையே நீல் பிரேசரிடமும் ராடு லேவரிடமும் தோற்றார். அவ்விருவருமே அந்தந்த ஆண்டின் வெற்றியாளர்கள் ஆனார்கள். கிருட்டிணனின் சர்வீசு வேகமானதன்று. எதிராளி அனுப்பும் பந்தின் வேகத்தையே பயன்படுத்தி, அதைத் துல்லியமான இடத்தில் திருப்பி வைப்பதே அவரது ஆட்டமுறை. கனமும் நெகிழ்வும் கொண்ட மர மட்டைக்கு இம்முறை மிகவும் பொருந்தியது.

மாற்றம் உலோகத்தில் தொடங்கியது. பிரெஞ்சு வீரர் ரெனே லகோசுத்து உருவாக்கிய எஃகு மட்டையின் வடிவமைப்பைக் கொண்டு 1967 இல் வில்சன் நிறுவனம் டி-2000 என்ற மட்டையை வெளியிட்டது. சிம்மி கானர்சு அதைக் கொண்டு நெடுநாள் ஆடினார். இதைவிடப் பெரிய திருப்பம் 1976 இல் நேர்ந்தது. பனிச்சறுக்குக் கட்டைகளை வடிவமைத்துப் புகழ் பெற்ற ஓவர்டு எட்டு என்ற அமெரிக்கப் பொறியாளர், 110 சதுர அங்குலத் தலை கொண்ட அலுமினிய மட்டையைப் பிரின்சு நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். தொடக்கத்தில் இது முதியவர்களுக்கான மட்டை என்று எள்ளி நகையாடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கரிம இழை மட்டைகள் வந்தன. 1983 இல் யானிக்கு நோவா பிரெஞ்சு ஓப்பனை வென்றதே ஆடவர் ஒற்றையரில் மர மட்டையால் கிடைத்த கடைசிக் கிராண்டு சிலாம் பட்டமாகக் கருதப்படுகிறது. பியோன் போரி 1991 இல் மான்டி கார்லோவில் மர மட்டையுடன் திரும்பி வந்து முதல் சுற்றிலேயே தோற்றார்.

கரிம இழை மட்டை உள்ளீடற்ற குழாய் ஆகும். பிசின் தோய்ந்த கரிம இழைத் தாள்கள் பல அடுக்குகளாகச் சுருட்டப்பட்டு, அச்சில் வைத்து, உள்ளிருந்து காற்றழுத்தம் கொடுத்துச் சூடேற்றப்படுகின்றன. இழைகள் எந்தக் கோணத்தில் அடுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் ஒரு பகுதியை விறைப்பாகவும் மற்றொரு பகுதியை நெகிழ்வாகவும் ஆக்க முடியும். மரத்தில் இது இயலாது.

ஒரு மட்டையை விவரிக்கும் அளவுகள்

கடைகளில் மட்டையின் மீது அச்சிடப்பட்டிருப்பவை பெரும்பாலும் எடையும் தலைப்பரப்பும் மட்டுமே. தற்கால மட்டைகள் நரம்பு இல்லாமல் 270 முதல் 330 கிராம் வரையும், தலை 95 முதல் 110 சதுர அங்குலம் வரையும் இருக்கும். வழக்கமான நீளம் 27 அங்குலம் (68.6 செ.மீ.).

ஆனால் கையில் உணரப்படுவது எடையைவிட அவ்வெடை எங்கே இருக்கிறது என்பதே. சுத்தியலைத் தலைப்பக்கம் பிடித்து ஆட்டுவது எளிது. கைப்பிடியைப் பிடித்து ஆட்டுவது கடினம். எடை இரண்டிலும் ஒன்றே. மட்டையை விரல்மேல் கிடத்தி அது சமநிலையில் நிற்கும் புள்ளியைக் காண்பது முதற்படி. நடுப்புள்ளிக்கு மேலே நின்றால் தலைக்கனம் உள்ள மட்டை, கீழே நின்றால் கைக்கனம் உள்ள மட்டை. இதைவிடத் துல்லியமானது வீச்சு எடை என்று ஆட்டக்காரர்கள் குறிப்பிடும் அளவு. இது கைப்பிடியின் அடியிலிருந்து 10 செ.மீ. தொலைவில் உள்ள அச்சைப் பற்றிய மட்டையின் நிலைமத் திருப்புத்திறன் ஆகும். கிலோகிராம்-சதுர செ.மீ. அலகில் பெரும்பாலான மட்டைகளுக்கு இது நரம்புடன் 290 முதல் 340 வரை அமையும். மட்டையின் நுனியில் 3 கிராம் ஈயப்பட்டை ஒட்டினால் வீச்சு எடை ஏறத்தாழ 10 அலகு கூடும். அதே 3 கிராமைக் கைப்பிடியில் ஒட்டினால் கூடுவது ஒன்றுமில்லை எனலாம்.

வீச்சு எடையை மாணவர்கள் பள்ளி ஆய்வகத்திலேயே அளந்துவிடலாம். கைப்பிடியின் அடியிலிருந்து 10 செ.மீ. தொலைவில் மெல்லிய குறுக்குத் தண்டு ஒன்றைக் கட்டி, அதன் இரு முனைகளையும் இரு மேசைகளின் விளிம்பில் தாங்கவைத்து, மட்டையை ஊசல்போல் சிறிய வீச்சில் ஆடவிட வேண்டும். 20 அலைவுகளுக்கான நேரத்தைக் கணக்கிட்டு, அதை 20 ஆல் வகுத்தால் அலைவு நேரம் கிடைக்கும். அலைவு நேரத்தின் வர்க்கத்தை மட்டையின் நிறை, புவியீர்ப்பு முடுக்கம், தண்டிலிருந்து சமநிலைப் புள்ளிக்கு உள்ள தொலைவு ஆகிய மூன்றாலும் பெருக்கி, 39.5 ஆல் (பையின் வர்க்கத்தின் நான்கு மடங்கு) வகுக்க வேண்டும். காட்டாக, 315 கிராம் எடையும், அடியிலிருந்து 33 செ.மீ. தொலைவில் சமநிலைப் புள்ளியும் கொண்ட மட்டை 20 அலைவுகளுக்கு 26.7 நொடி எடுத்துக்கொண்டால் அதன் வீச்சு எடை ஏறத்தாழ 320 ஆகும். 26 நொடி எனில் 304. ஒரே அட்டவணை எடை கொண்ட இரு மட்டைகள் கையில் ஏன் வேறுபடுகின்றன என்பதை இச்சோதனை எளிதில் காட்டிவிடும்.

சட்டத்தின் விறைப்பு மற்றோர் அளவு. மட்டையை ஒரு கருவியில் பொருத்தி வளைத்து, அது எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு எண் தரப்படுகிறது. 60க்குக் கீழ் நெகிழ்வானது என்றும், 70ஐ நெருங்கினால் விறைப்பானது என்றும் கொள்வது வழக்கம்.

பந்தின் வேகம் எங்கிருந்து வருகிறது

பந்து மட்டையைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ 5 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு. அடி கையில் உணரப்படுவதற்கு முன்பே பந்து போய்விடுகிறது. பந்து பட்ட பிறகு மட்டையை இறுகப் பிடித்து வேகம் சேர்க்கலாம் என்ற எண்ணம் இதனால் பொருளற்றதாகிறது.

திரும்பிச் செல்லும் பந்தின் வேகத்தை எளிய சமன்பாடு ஒன்றால் கூறலாம். அசையாமல் நிற்கும் மட்டையில் பட்ட பந்து, வந்த வேகத்தின் எந்தப் பங்கோடு திரும்புகிறது என்பதை மீள்பங்கு எனக் கொள்வோம். தலையின் நடுப்பகுதியில் இது ஏறத்தாழ 0.4 ஆகும். அப்போது,

அடித்த பந்தின் வேகம் = (மீள்பங்கு × வரும் பந்தின் வேகம்) + (1 + மீள்பங்கு) × மட்டையின் வேகம்.

பந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருகிறது, மட்டை 20 மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது என்க. விடை 6 + 28 = 34 மீட்டர், அதாவது மணிக்கு 122 கிலோமீட்டர். இப்போது "அதிக ஆற்றல்" உடைய வேறொரு மட்டையால் மீள்பங்கு 0.42 ஆக உயர்ந்தால் விடை 34.7 மீட்டர். இரண்டு விழுக்காடே கூடுகிறது. மாறாக, பழைய மட்டையையே பத்து விழுக்காடு வேகமாக வீசினால் 36.8 மீட்டர் கிடைக்கிறது. இது எட்டு விழுக்காட்டு உயர்வு. சர்வீசில் வரும் பந்து என்று ஒன்றில்லாததால் முதல் உறுப்பே மறைந்துவிடுகிறது. வேகம் முழுவதும் வீச்சைச் சார்ந்தது.

வலையருகே நிலைமை வேறு. வாலி அடியில் மட்டை ஏறத்தாழ நிற்கிறது, பந்தோ விரைந்து வருகிறது. பந்து 25 மீட்டர், மட்டை 5 மீட்டர் எனில் விடை 10 + 7 = 17 மீட்டர். இங்கே மீள்பங்கு 0.40 இலிருந்து 0.45 ஆனால் விடை 18.5 ஆகிறது. ஒன்பது விழுக்காட்டு உயர்வு. தலைப்பகுதியின் நிறை கூடினால் மீள்பங்கும் கூடும். ஆகவே பந்தைத் தடுத்துத் திருப்பும் ஆட்டமுறைக்குக் கனமான மட்டை உதவுகிறது. இராமநாதன் கிருட்டிணனின் மகன் இரமேசு கிருட்டிணன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1979 இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் ஆகிய இரு இளையோர் பட்டங்களையும் வென்ற இவர், தந்தையைப் போலவே மென்மையான சர்வீசு உடையவர். பெருந்தலை மட்டைகளும் வேக ஆட்டமும் ஓங்கியிருந்த காலத்தில், 1989 ஆத்திரேலிய ஓப்பனின் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மாட்சு விலாண்டரை வென்றார். சமன்பாட்டின் முதல் உறுப்பை நம்பி ஆடும் ஆட்டம் கரிம இழைக் காலத்திலும் செல்லுபடியாகும் என்பதற்கு இது சான்று.

கனமான மட்டையை வேகமாக வீச இயலாதே என்ற கேள்வி எழும். நிலைமத் திருப்புத்திறன் பத்து விழுக்காடு கூடினால் ஒருவரது வீச்சின் வேகம் இரண்டு மூன்று விழுக்காடே குறைகிறது. கூடிய மீள்பங்கு அவ்விழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுவதால் பந்தின் வேகம் ஏறத்தாழ மாறுவதில்லை. மாறுவது ஆட்டக்காரரின் களைப்பும், தாமதமாக அடிக்கும் வாய்ப்பும் ஆகும். மூன்றாவது செட்டில் தோள் சோரும்போதுதான் மட்டையின் உண்மையான எடை தெரியும்.

மையம் தவறிய அடி

மீள்பங்கு தலை முழுதும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவில் 0.4 ஆக இருப்பது நுனியை நெருங்கும்போது 0.2க்கும் கீழே இறங்கும். மட்டையைக் கிடையாகப் பிடித்துப் பந்தை நுனியருகே விழவிட்டால், பந்து சற்றும் எழாமல் நின்றுவிடும் ஓர் இடத்தைக் காணலாம். அவ்விடத்தில் மட்டை பந்தின் இயக்க ஆற்றல் முழுவதையும் தானே வாங்கிக்கொள்கிறது.

"இனிய புள்ளி" என ஆட்டக்காரர்கள் கூறுவது உண்மையில் ஒரு புள்ளி அன்று. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஓவர்டு பிரோடி இதில் மூன்று வெவ்வேறு இடங்கள் கலந்திருப்பதை விளக்கினார். சட்டத்தின் அதிர்வு எழாத கணு ஒன்று. கைக்கு உதைப்பு மிகக் குறைவாக வரும் இடம் மற்றொன்று. பந்து மிக வேகமாகத் திரும்பும் இடம் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவது கழுத்தை நோக்கி இறங்கியிருக்கும். சர்வீசில் மட்டையின் மேற்பகுதி மிக வேகமாகச் செல்வதால் அங்கே அடிப்பதே பயன் தரும்.

தலை அகன்றதன் பெரும்பயன் பக்கவாட்டுத் தவறுகளில் தெரிகிறது. நடுக்கோட்டிலிருந்து விலகிப் பந்து பட்டால் மட்டை கையில் திருகிக்கொள்கிறது. பந்து வேகமிழந்து திசையும் மாறுகிறது. இத்திருகலை எதிர்க்கும் திறன் தலை அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மர மட்டையின் நரம்புப் பரப்பு ஏறத்தாழ 20 செ.மீ. அகலம், 100 சதுர அங்குல மட்டையில் அது 25 செ.மீ. எடை சமமாக இருந்தால் அகலம் கால் பங்கு கூடியதற்குத் திருகு எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. விறைப்பும் இவ்வாறே. கணுவில் படும் அடியில் நெகிழ்ந்த சட்டமும் விறைத்த சட்டமும் ஒன்றுபோல் நடந்துகொள்ளும். கணுவைத் தவறும்போதே நெகிழ்ந்த சட்டம் ஆற்றலை அதிர்வில் இழக்கிறது. மர மட்டைகள் நொடிக்கு ஏறத்தாழ 100 முறையும், விறைப்பான கரிம இழை மட்டைகள் 150 முறைக்கு மேலும் அதிர்கின்றன.

நரம்புகளும் சுழற்சியும்

டென்னிசுப் பந்து ஆற்றலை வீணடிக்கும் பொருள். விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினத் தரையில் விழும் பந்து 135 முதல் 147 செ.மீ. வரையே எழ வேண்டும். அதாவது நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் தொலைகிறது. நரம்புகளோ தாம் வாங்கிய ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைத் திருப்பித் தருகின்றன. எனவே நரம்பைத் தளர்த்திக் கட்டினால் நரம்பு மிகுதியாகவும் பந்து குறைவாகவும் நசுங்கி, பந்து சற்று வேகமாகச் செல்லும். இறுக்கிக் கட்டினால் வேகம் கூடும் என்ற பரவலான நம்பிக்கை தவறானது. 20 முதல் 28 கிலோகிராம் வரையான இழுவிசை வழக்கில் உள்ளது.

கடந்த கால் நூற்றாண்டில் ஆட்டத்தை மாற்றியது சட்டத்தைவிட நரம்பே எனலாம். 1997 இல் குசுத்தாவோ குயெர்த்தன் பாலியெஸ்டர் நரம்பு கட்டிய மட்டையுடன் பிரெஞ்சு ஓப்பனை வென்ற பிறகு அவ்வகை நரம்பு பரவியது. பந்து படும்போது நெடுக்கு நரம்புகள் பக்கவாட்டில் நகர்கின்றன. வழுவழுப்பான பாலியெஸ்டர் நரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் சறுக்கி, பந்து விலகுவதற்குள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. அவ்வாறு திரும்பும்போது பந்தை உடன் இழுத்துச் சுழற்றுகின்றன. நரம்பு சொரசொரப்பாக இருந்து பந்தைப் பற்றுவதால் சுழற்சி கூடுகிறது என்று முன்பு கருதப்பட்டது. ஆனால் நரம்புக்கும் நரம்புக்கும் இடையே உராய்வு குறைவாக இருப்பதே முதன்மை என அதிவேக ஒளிப்படக் காட்சிகள் காட்டின.

சுழற்சி ஏன் வேண்டும்? ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர், வலையின் நடு உயரம் 91.4 செ.மீ. பின்கோட்டிலிருந்து மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்சியின்றி அடிக்கப்படும் பந்து வலையையும் தாண்டி எல்லைக்குள்ளும் விழ, அது கிளம்பும் கோணத்தில் ஒரு பாகையை ஒட்டிய இடைவெளியே உள்ளது. மேற்சுழற்சி கொண்ட பந்து காற்றால் கீழ்நோக்கித் தள்ளப்படுவதால் அவ்விடைவெளி அகல்கிறது. அதனால் முழு வேகத்தில் வீசத் துணிவு பிறக்கிறது. இரஃபேல் நடாலின் முன்கை அடி சராசரியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 3200 சுழற்சிகள் கொண்டதாக அளவிடப்பட்டது. 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் நடைபெற்ற சென்னை ஓப்பன் போட்டிகள் இவ்வகை ஆட்டத்தைத் தமிழகத்து இரசிகர்களுக்கு நேரில் காட்டின. நடால் 2004 இல் தொம்மி உரொபிரேடோவுடன் அங்கே இரட்டையர் பட்டம் வென்றார். 2008 ஒற்றையர் இறுதியில் மிக்கைல் யூழ்னியிடம் 6-0, 6-1 எனத் தோற்றார். எந்த நரம்பும் எல்லா நாளும் காப்பாற்றாது போலும்.

வெப்பமும் ஈரப்பதமும்

மட்டைகளைப் பற்றிய நூல்களும் பரிந்துரைகளும் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. தமிழகத்தில் அவற்றை அப்படியே பின்பற்ற இயலாது. இங்கும் கடற்கரை ஊர்களின் நிலைமை ஒன்று, உள்மாவட்டங்களின் நிலைமை மற்றொன்று. சென்னையின் முதன்மைச் சிக்கல் ஈரக்காற்று. மாட்டுக் குடலிலிருந்து செய்யப்படும் இயற்கை நரம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பி, இழை பிரிந்து கெடுகிறது. கைப்பிடியும் வியர்வையில் வழுக்கும்.

திருவண்ணாமலை போன்ற உள்ளூர்களில் சிக்கல் வெப்பம். கோடையில் அங்கே வெப்பநிலை 40 பாகை செல்சியசை ஒட்டிச் செல்வதுண்டு. சூடான பந்தினுள் காற்றழுத்தம் கூடி, இரப்பரும் இளகி, பந்து உயரமாக எழுகிறது. செயற்கை நரம்புகளோ சூட்டில் விரைவாகத் தளர்கின்றன. இரண்டும் சேர்ந்து, காலையில் எல்லைக்குள் விழுந்த அடி நண்பகலில் வெளியே போகும்படி செய்கின்றன. ஆட்டக்காரர் தம் ஆட்டம் கெட்டுவிட்டதாக எண்ணிக் கையை அடக்குவது இவ்வேளையில் காணப்படும் தவறு. கோடைக்கு ஓரிரு கிலோகிராம் இழுவிசையைக் கூட்டிக் கட்டுவதும், பட்டப்பகலில் பூட்டிய காருக்குள்ளோ வெயில் படும் சன்னலோரத்திலோ மட்டையை வைக்காதிருப்பதும் எளிய தீர்வுகள்.

நரம்பு அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை. வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறாரோ ஆண்டுக்கு அத்தனை முறை மாற்றுவது என்பது பழைய கணக்கு. பாலியெஸ்டர் அறுவதற்கு வெகுமுன்பே மீள்தன்மையை இழந்துவிடுவதால் அதற்கு இக்கணக்கும் போதாது. நரம்பு கட்டும் எந்திரம் அருகில் இல்லாத ஊரில் வாழும் மாணவருக்குப் பாலியெஸ்டரைவிட நெடுநாள் தன்மை மாறாத சாதாரணச் செயற்கை நரம்பே ஏற்றது.

இடைநிலை ஆட்டக்காரரும் முதுநிலை ஆட்டக்காரரும்

இடைநிலை ஆட்டக்காரர் என்பவர் எல்லா அடிகளையும் கற்றவர், ஆனால் ஒவ்வொரு முறையும் பந்தை ஒரே இடத்தில் வாங்காதவர். அவரது அடிகள் தலையின் பல பகுதிகளிலும் விழுகின்றன. 100 சதுர அங்குலத் தலை, 285 முதல் 300 கிராம் எடை, நடுத்தர விறைப்பு ஆகியவை கொண்ட மட்டை அவருக்குப் பிழை பொறுக்கிறது. இதைவிட இலேசான, மிகப்பெரிய தலை கொண்ட மட்டைகள் சிறிய வீச்சிலும் பந்தை அனுப்பிவிடும். ஆனால் அவற்றை நம்பி வளர்பவர் முழு வீச்சைக் கற்காமலே நின்றுவிடக்கூடும். பந்து வெளியே போகும் என்ற அச்சமே கையைச் சுருக்கிவிடும். மேல்நோக்கிச் செல்ல விரும்பும் மாணவருக்கு இது சிறிய இழப்பன்று.

முதுநிலை ஆட்டக்காரர் கணுவை ஒட்டியே பெரும்பாலும் அடிக்கிறார். அவருக்கு வேண்டியது பொறுமை அன்று, மாறாமை. ஒரே வீச்சுக்கு ஒரே விடை கிடைக்க வேண்டும். வேகமான பந்தின் முன் மட்டை பின்வாங்காதிருக்க நிறை வேண்டும். ஆகவே 305 கிராமுக்கு மேற்பட்ட, கைக்கனம் உள்ள, 95 முதல் 100 சதுர அங்குலத் தலை கொண்ட மட்டைகளை அவர்கள் நாடுகின்றனர். பீட்டு சாம்பிராசு 85 சதுர அங்குல மட்டையில் ஈயப்பட்டை ஒட்டி ஆடினார். உரோசர் பெடரர் நெடுங்காலம் 90 சதுர அங்குலத்துடன் ஆடி, 2014 இல் 97க்கு மாறினார். ஆந்திரே அகாசியும் செரீனா வில்லியம்சும் நூறைத் தாண்டிய தலைகளுடனேயே உலகின் முதலிடத்தில் இருந்தவர்கள். சிறிய தலை திறமையின் அடையாளம் என்பது இதனால் பொய்யாகிறது.

தொழில்முறை வீரர்களின் கையில் உள்ள மட்டை கடையில் உள்ள அதே மட்டை அன்று என்பதையும் அறிய வேண்டும். புதிய வண்ணம் பூசப்பட்ட பழைய அச்சு மட்டைகளும், தனியே எடை சேர்க்கப்பட்டவையும் அவர்களிடையே பரவலாக உள்ளன. வீரரின் பெயரைப் பார்த்து மட்டை வாங்குபவர் வாங்குவது பெரும்பாலும் வண்ணத்தையே.

கையும் முழங்கையும்

முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாணில் ஏற்படும் வலி "டென்னிசு முழங்கை" எனப்படுகிறது. ஒற்றைக்கைப் பின்கை அடியைத் தாமதமாக அடிப்பது இதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. மட்டையும் இதில் பங்கு பெறலாம். இலேசான சட்டம் பந்தின் மோதலால் மிகுதியாக உதைக்கப்படுகிறது; விறைப்பான சட்டமும் இறுகிய பாலியெஸ்டரும் அவ்வுதைப்பைத் தணிப்பதில்லை. இலேசு, விறைப்பு, இறுக்கம் ஆகிய மூன்றும் ஒருசேர இருப்பது இளம் ஆட்டக்காரருக்கு ஏற்றதன்று. வலி தோன்றியவர் முதலில் செய்யக்கூடியது, புதிய மட்டை வாங்குவதன்று. பாலியெஸ்டரை நீக்கி மென்மையான நரம்பை இரண்டு மூன்று கிலோகிராம் குறைத்துக் கட்டுவதே. வலி நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

நரம்புகளுக்கிடையே செருகப்படும் சிறு இரப்பர்த் துண்டு முழங்கையைக் காக்கும் என்பது தவறு. அது நொடிக்கு 500 முறையை ஒட்டிய நரம்பின் அதிர்வை மட்டும் அடக்குகிறது. காதுக்கு ஓசை மாறுகிறது. கைக்கு வரும் சட்டத்தின் அதிர்வில் மாற்றம் இல்லை. கைப்பிடியின் சுற்றளவு (10.5 முதல் 11.7 செ.மீ. வரை கிடைக்கிறது) கைக்குப் பொருந்துவது இதைவிட இன்றியமையாதது. மிகச் சிறிய கைப்பிடி திருகிக்கொள்ளாதிருக்க, ஓயாமல் இறுகப் பற்ற வேண்டியிருக்கும்.

விதிகள்

மட்டை எவ்வாறு இருக்க வேண்டும் என்று 1978 வரை விதி எதுவும் இருக்கவில்லை. 1977 இல் இரட்டை அடுக்கு நரம்பும் குழாய்களும் கொண்ட "இசுபகெட்டி" மட்டை தோன்றிப் பந்துக்கு மிகையான சுழற்சியைக் கொடுத்தது. இலீ நசுத்தாசே அதைக் கொண்டு ஆடியபோது கில்லெர்மோ விலாசு ஆட்டத்தினிடையே விலக, களிமண் தரையில் அவரது நீண்ட வெற்றித் தொடர் முறிந்தது. பன்னாட்டு டென்னிசுக் கூட்டமைப்பு அம்மட்டையைத் தடைசெய்து, நரம்புகள் ஒரே தளத்தில் ஒன்றையொன்று மாறிமாறிப் பின்னியிருக்க வேண்டும் என வரையறுத்தது. பின்னர் அளவுகளும் வரையறுக்கப்பட்டன. மட்டையின் நீளம் 73.7 செ.மீ., அகலம் 31.7 செ.மீ. ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. நரம்புப் பரப்பு 39.4 செ.மீ. நீளத்துக்கும் 29.2 செ.மீ. அகலத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும். எடைக்கும் சட்டம் செய்யப்படும் பொருளுக்கும் வரம்பு இல்லை. வீச்சின் வேகத்தையும் பந்து பட்ட இடத்தையும் பதிவுசெய்யும் உணரிகளை மட்டையில் பொருத்த 2014 முதல் விதி இடமளிக்கிறது.